தோட்டத்துத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும்: மேலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கோலாலம்பூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்றும், அலுவலகத்தில் உங்களுக்கு மேலே இருக்கும் வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் யாழ்ப்பாணப் பூர்வீகம் என்றும், வாசலில் நிற்கும் காவலாளியும் சரக்கு லாரி ஓட்டுபவரும் ரப்பர் தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழர் என்றும் எழுதியிருந்தீர்கள். "இரண்டு கூட்டமும் நூறு வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்தவர்கள்தானே, ஒரு கூட்டம் ஏறிவிட்டது, இன்னொரு கூட்டம் ஏன் நின்ற இடத்திலேயே நின்றது? உழைப்பும் ஒழுக்கமும்தான் காரணம் என்கிறார் உடன் வேலை செய்பவர், அது சரியா?" என்பது உங்கள் கேள்வி. நான் 1994இல் திருமங்கலத்திலிருந்து கிள்ளானுக்கு வந்தவன். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பதால் இதை மதுரையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். அதுவும் நல்லதுதான், விடையில் பாதி இந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது.

உடன் வேலை செய்யும் அந்த நண்பர் சொல்வதைத்தான் முதல் வருடம் நானும் நம்பினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கிள்ளானில் எனக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்ட அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டியவர். ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்கள் பிள்ளைகளை ஏன் மேலே படிக்க வைக்கவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, அடுத்த பள்ளி பட்டணத்தில் இருந்தது, அதற்குப் போக ஒரே ஒரு பேருந்து இருந்தது, மழைநாளில் அதுவும் செம்மண் பாதையில் இறங்காது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டார். திருமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் யார் எந்த வேலைக்காக அழைத்து வரப்பட்டார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இலேயே கால் ஊன்றியது. 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்களுடைய செமினரி (உயர்கல்விக்கூடம்) தொடங்கியது, மறுவருடமே உடுவிலில் பெண்களுக்கான பள்ளி வந்தது. அதற்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒரு சிறிய தீபகற்பத்தில் பாதிரிமாரும் சைவரும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டினால் என்ன ஆகும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். காணியோ சிறியது, சுண்ணாம்புக்கல் தரை, கிணற்றை நம்பிய பயிர். இங்கிலீஷ் படித்த பையன்களின் எண்ணிக்கை உள்ளூர் உத்தியோகத்தை மிஞ்சிப் போன நேரத்தில், மலாயாவில் (இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதியில்) வெள்ளைக்காரர் ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் பாதை ஓடியது 1885இல். ரயில்வேக்கும் நில அளவைக்கும் கருவூலத்துக்கும் எழுத்தர், நிலைய அதிகாரி என்று ஆள் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். மாதச் சம்பளம், அரசாங்கக் குடியிருப்பு, ஓய்வுக்குப் பிறகு பென்ஷன். யாழ்ப்பாணக் கிராமங்களில் 'மலாயா பென்ஷனியர்' என்பது இன்றும் பழைய ஆட்களின் வாயில் இருக்கும் சொல்.

இதில் மதுரைக்காரர் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணத்திலிருந்தே ஆள் அனுப்பி, 1834இல் மதுரையில் கிளை தொடங்கியது. பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் அதன் வழி வந்தவை. அதாவது பள்ளி கட்டிய கை ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் அது சிறு நிலப்பரப்பில் அடர்த்தியாக விழுந்தது, இங்கே பெரிய வறண்ட ஜில்லாவில் பட்டணத்தையும் சில கிராமங்களையும் மட்டும் தொட்டது. அந்தப் பள்ளிகளுக்கு வெளியே நின்றவர்களைத்தான் 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த பஞ்சங்களும் கப்பலுக்குத் துரத்தின. நம் மதுரை, இராமநாதபுரத்துக்காரர் மிகுதியும் இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு பக்கத்தார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள்.

அவர்களில் பெரும் பங்கினர் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள், பலர் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். இதைச் சொல்லாமல் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவது நேர்மையாகாது, ஏனென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். கப்பலேறியதால் சாதி விட்டுப்போகவில்லை. தோட்டத்தார் ஊரிலிருந்து ஆள் பிடித்து வரும் கங்காணியின் கையால் சேர்க்கப்பட்டார்கள். கொண்டுவரும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு, வந்தவனுக்கோ வரும்போதே முன்பணக் கடன். 1920களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நிர்ணயமான நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. வீடு என்பது லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. கடை தோட்டத்துக் கடை, மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் உங்கள் நண்பருக்கு இந்தக் கடைசி விவரம் தெரிந்திருந்தால் நல்லது: வேலைக்காரரின் குடிக்காகக் கள்ளுக்கடையை இடம் ஒதுக்கி நடத்த விட்டது தோட்ட நிர்வாகமே.

பள்ளிக்கூடம் தோட்டத்திலும் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டக்காரர் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் அது பல இடங்களில் ஒரே கொட்டகை, கங்காணியோ எழுத்தரோ வாத்தியார், படிப்பு தமிழில் எழுதப் படிக்கத் தெரியும் மட்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பையன் பள்ளிக்கு நடந்து போய், சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறி, அடுத்த சில மாதங்களில் அப்பாவின் இலாகாவிலேயே எழுத்தரானான். தோட்டத்துப் பையன் பள்ளியை முடித்தபோது அவன் கையில் பால் வெட்டும் கத்தி கொடுக்கப்பட்டது. படித்தால் சம்பளம் வரும் என்பதைக் கண்ணால் கண்ட வீட்டில் அடுத்த பிள்ளையும் படித்தது. படித்தும் அதே கத்திதான் என்று கண்ட வீட்டில் பள்ளிக்கூடம் போவது வீண்செலவாகத் தெரிந்தது. உங்கள் நண்பர் 'கல்விப் பழக்கம்' என்று சொல்வது இப்படி உண்டாவதுதான். அந்தப் பழக்கத்தை நான் மறுக்கவில்லை. கடன் வாங்கியாவது மகளைப் படிக்க வைத்த யாழ்ப்பாணத் தாய்மாரை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எது இருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

யுத்த காலத்தை இங்கே விரிக்கவில்லை. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துப் போன தமிழரில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனையோ லயங்களில் சம்பாதிக்கும் ஆண் திரும்பி வரவில்லை.

1957இல் சுதந்திரம் வந்தபோது வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள், வேலைக்காரர் தெருவுக்கு வந்தார்கள். மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரிடமே சிறு தவணையாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அந்தத் துன்பத்திலிருந்து பிறந்த முயற்சி. அது தாங்கியது கொஞ்சம் பேரைத்தான். 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் அரசாங்க வேலையும் பல்கலைக்கழக இடமும் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடிகளுக்கும்) முன்னுரிமையாகப் போனபோது இரண்டு கூட்டமும் அடி வாங்கியது. ஆனால் யாழ்ப்பாண வீட்டில் விற்கக் கொஞ்சம் நிலமும் லண்டனில் ஒரு மாமாவும் இருந்தார்கள், பிள்ளை தனியார் தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ நகர முடிந்தது. தோட்டத்து வீட்டில் வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. நான் வந்த புதிதில் பிராங் பெசார் தோட்டத்தையும் அதை ஒட்டிய தோட்டங்களையும் எடுத்துத்தான் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடும் அந்த ஏரிக்கரையில் ஒரு காலத்தில் லயம் இருந்தது.

புள்ளிவிவரம் கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்விக்கு அரசாங்கக் கணக்கு நேரடியாக உதவாது, ஏனென்றால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காடு இருக்கும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் தோட்டத் தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளி, தெலுங்கர், சீக்கியர், செட்டியார் எல்லாரும் அடங்குகிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் நடு வருமானம் மாதம் 5,981 ரிங்கிட், நாடு முழுவதற்குமான நடு எண் 5,873. இதை மட்டும் பார்த்தால் குறையொன்றும் இல்லை என்று தோன்றும். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நம் முகங்கள் விகிதத்துக்கு மீறித் தெரிவதும், அதே சமயம் நிரந்தர முகவரி இல்லாத குடும்பங்கள் இருப்பதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. பெரும் பணக்காரராக இருந்து 2024இல் காலமான ஆனந்த கிருஷ்ணனும் அதே கட்டத்தில்தான் எண்ணப்பட்டார். அவர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாண வம்சாவளியினர்.

இன்னும் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊருக்கு அருகிலேயே பாருங்கள். மேலூரிலிருந்து திருவாதவூர் எவ்வளவு தூரம்? அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டியிலும் ஒன்று இருக்கிறது. போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். படிப்பில் ஆசை உள்ளவர்கள், பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்கு வழியில்லை, பாஸ்போர்ட் இல்லை. பொறியியல் படித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூர்வீகம்தான் ஒரு கூட்டத்தை ஏற்றுகிறது என்றால், அவர்களில் வடக்கிலிருந்து வந்தவர்களை அது ஏன் ஏற்றவில்லை? கோலாலம்பூரில் அந்தப் பூர்வீகத்துக்கு ரயில்வே உத்தியோகமும் பென்ஷனும் கிடைத்தன, திருவாதவூரில் முகாம் அட்டை கிடைத்தது.

இப்போது உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்களும் நானும் மலேசியாவுக்கு வந்தது பட்டத்தைக் காட்டி, வேலை அனுமதி வாங்கி. அதில் தேறாதவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவன், பொறுக்காமல் மொத்தமாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளோடு தன்னை ஒப்பிட்டு மார்தட்டுவது சரியில்லை. அவர்கள் காதில் அது எப்படி விழும் என்பதையும் யோசியுங்கள். நாம் 'ஊர்க்காரர்', வந்த மறுமாதமே நல்ல சம்பளம் வாங்குபவர்கள் என்று ஏற்கெனவே ஒரு கசப்பு இருக்கிறது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் நிறையப் பேர். பெரட்டில் பெயர் வாசித்து நாள்கூலியைக் குறைத்தவர் என்ற நினைவு மூன்றாம் தலைமுறையிலும் ஆறவில்லை. அதனால் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு கூட்டத்தைப் புகழ வேண்டாம். 'கூலி' என்ற சொல்லைச் சம்பளம் என்ற பொருளில்கூட அங்கே வாயில் எடுக்க வேண்டாம். ஊரில் அது சாதாரணச் சொல், அங்கே அடி.

யாழ்ப்பாணத்தார் கதையும் ஏறிக்கொண்டே போகும் கோடு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோவிலில் நான் பழகிய ஓய்வுபெற்ற ஒருவரின் மூன்று பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். பெரிய வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். எனக்கு அறை கொடுத்த அம்மாவின் பேத்தியோ தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்புக்குப் பிறகு மலாய் மொழிக்காக வைத்திருக்கும் புகுமுக வகுப்பையும் தாண்டி, இப்போது கிள்ளானில் மருந்தாளர். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, தோட்டங்கள் மூடப்பட மூடப்பட அவை 530க்கு அருகில் வந்து நிற்கின்றன. அதில் ஒன்று பேருந்துப் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பெண்ணுக்கு வாய்த்தது.

நான் தைப்பூசத்துக்கு முன் திரும்பிவிடுவேன். கிள்ளானுக்கு வாருங்கள், அந்த அம்மாவிடம் அழைத்துப் போகிறேன். அவருடைய அப்பா நாமக்கல் பக்கத்தார், அவர் மதுரையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மீனாட்சி கோவில் தாழம்பூக் குங்குமம் கேட்பார். இந்த முறை இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றை நீங்கள் கொடுங்கள்.