அலுவலக ஆங்கிலம்: கேள்வி – பதில்

கேள்வி: வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். புராஜெக்ட்டுக்காக ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கே தவறினேன்? நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நகலைப் படித்தோம். 14 வரிகள்; இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதலில் கல்லூரி, துறை, பிறகு புராஜெக்ட்டின் பின்னணி என்று போய், விற்பனை அறிக்கை வேண்டும் என்பது 12ஆவது வரியில்தான் வருகிறது. அதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

தமிழில் காரணம் முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் நிற்கும். ‘இன்ன காரணத்தால், இன்னது தேவைப்படுவதால், அனுப்பி உதவ வேண்டுகிறேன்’ என்று முடிப்பதுதான் நமக்குப் பணிவு. அலுவலக ஆங்கிலத்தில் அந்தக் கடைசி வினை முதல் வரிக்கு வந்தாக வேண்டும். எழுத உட்காருமுன், ‘இதைப் படித்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும்?’ என்பதற்குத் தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதை ஆங்கிலமாக்கினால் முதல் வரி கிடைத்துவிடும்: ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் மீ தி சேல்ஸ் ரிப்போர்ட் பை 14 மார்ச்?’ அடுத்த இரண்டு வரிகளில் நீங்கள் யார், எதற்காக என்பது. அதற்கடுத்து, முழு அறிக்கை தர இயலாவிட்டால் எந்தப் பகுதி மட்டும் போதும் என்று ஒரு வரி. இந்த வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மறுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு ஒரு வழி திறந்து வைப்பது இதுதான். தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். வெறும் ‘ரிக்வெஸ்ட்’ என்று போட்டால் ஒன்றும் புரியாது. பொருளும் தேதியும் சேர்ந்து ஆறேழு சொற்கள் இருக்கட்டும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் அமெரிக்கர் மார்ச் 4 என்று படிப்பார், பிரிட்டிஷ்காரர் ஏப்ரல் 3 என்று படிப்பார்.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். ‘அனுப்புங்கள்’ என்னும்போதே நம் வினையில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. அந்த வெறுமையை நிரப்பத்தான் ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’ என்று அடுக்குகிறோம். ‘கைண்ட்லி’ பலர் காதில் அதட்டலாகக்கூட விழும். ஆங்கிலத்தில் பணிவு ‘குட் யூ’, ‘வுட் இட் பி பாசிபிள்’ போன்ற தொடக்கங்களில் இருக்கிறது. ஒரு மின்னஞ்சலுக்கு ஒருமுறை போதும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதையும் விட்டுவிடுங்கள். நம் வகுப்பறைக்கு வெளியே அது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று கேட்கக்கூடும். ‘க்வெஸ்சன்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: பயிற்சிக்குப் போன இடத்தில் ‘ஹேவன்ட் யூ சென்ட் தி ஃபைல்?’ என்று கேட்டார்கள். ‘யெஸ்’ என்றேன். அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். நான் சொன்னது தவறா?

பதில்: தமிழுக்குச் சரி, ஆங்கிலத்துக்குத் தவறு. ‘அனுப்பலையா?’ என்றால் ‘ஆமா, அனுப்பல’ என்போம். கேட்டவரின் கூற்றை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் நடந்ததா, நடக்கவில்லையா என்பதை மட்டுமே பார்க்கும். அனுப்பாவிட்டால் கேள்வி எப்படி வந்தாலும் ‘நோ’தான். பழகும் வரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், ‘நோ, ஐ ஹேவன்ட் சென்ட் இட் யெட்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதே இனத்தில் இன்னும் இரண்டு. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரை. கெடு தவறுவதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதும். அடுத்தது ‘வீ’. நாம், நாங்கள் என்று நம்மிடம் இரண்டு சொல் உண்டு, அவர்களிடம் ஒன்றுதான். ‘வீ வில் பே’ என்றால் யார் பணம் கொடுப்பது? ‘அவர் (our) டீம்’, ‘போத் டீம்ஸ்’ என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேலைக்கு எந்த நிலை ஆங்கிலம் தேவை?

பதில்: 2001இல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. கூட்டங்களில் தயங்காமல் பேசவும் அறிக்கை எழுதவும் பி2 நல்ல இலக்கு. நிறுவனம் சான்றிதழ் கேட்டால் மட்டும் தேர்வு எழுதுங்கள்.

கேள்வி: பிரசன்டேஷனை மனப்பாடம் செய்து போகிறேன். ஒரு வரி மறந்தால் அதோடு நின்றுவிடுகிறேன்.

பதில்: மனப்பாடம் செய்தால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால், ஒன்று அறுந்தால் எல்லாம் விழும். அட்டையில் நான்கைந்து சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து முதலில் 4 நிமிடம் பேசுங்கள், அதே செய்தியை 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் கேட்பவர் வேறு ஆளாக இருந்தால் நல்லது. செய்தி மாறாததால் இரண்டாம் முறையே மனம் சொற்களில் கவனம் வைக்கும். ஆனால் அவசரமாகப் பேசி நேரத்தைக் குறைக்கக் கூடாது. தயக்கமும் திரும்பச் சொல்வதும்தான் குறைய வேண்டும். நிமிடத்துக்கு 130 சொற்கள் அளவில் பேசினால் கேட்பவர் தொடர்ந்து வர முடியும்.

கடைசிச் சுற்றைக் கைபேசியில் பதிந்து, பேசியதை ‘ம்ம்’, ‘ஆக்சுவலி’ உட்பட அப்படியே எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்கு ஈடாக வேறொன்றை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எழுதியதில் மூன்றே பிழைகளை எடுத்து, மறுநாள் அவற்றுக்காக மட்டும் பேசுங்கள்.

உச்சரிப்பில் நம் பேச்சுக்கே உரிய இடறல்களைத் தேடுங்கள். சொல் முடிவில் ‘பஸ்ஸு’, ‘ஆபீஸு’ என்று உகரம் ஒட்டுகிறதா? இறந்தகால வினையை ‘வொர்க்கெட்’ என்று இரண்டு அசையாக நீட்டுகிறோமா? அது ‘வொர்க்ட்’, ஒரே அசை. வினை t, d ஒலிகளில் முடிந்தால்தான் தனி அசை வரும்: ‘வான்டெட்’, ‘நீடெட்’. அசை அழுத்தம் இன்னும் முக்கியம். ‘டெவலப்’பில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு, எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னால் பழகிய சொல்லே புரியாமல் போகும். எண்களில் இது பணப் பிரச்சினை: ‘ஃபிஃப்டி’யில் முதல் அசை அழுந்தும், ‘ஃபிஃப்டீன்’ என்பதில் கடைசி அசை அழுந்தி நீளும். ஐயமிருந்தால் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மின்னஞ்சல் எழுதி வாங்கினால் என்ன?

பதில்: அனுப்பலாம், கற்க முடியாது. முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு, ‘திருத்தி எழுதாதே, பிழை இருக்கும் வரிகளை மட்டும் காட்டு’ என்று கேளுங்கள். திருத்தம் உங்கள் கையால் நடக்கட்டும். அதன் பிறகும் திருத்திய வடிவம் கேட்டுப் பார்த்தால், தேதி, தொகை, பெயர் மூன்றையும் உங்கள் வரைவோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். நடையைச் சீராக்கும்போது ‘பை’ என்பது ‘அன்டில்’ என்று மாறியிருந்தாலும் வாக்கியம் அழகாகவே தெரியும்.