வாசகர் கேள்வி – பதில்: கையால் ஒருமுறை, கணினியால் ஆயிரம் முறை

கேள்வி: உயர்தர வகுப்புக்கு வணிகப் புள்ளிவிபரவியல் கற்பிக்கிறேன். எக்செலைக் காட்டினால் பிள்ளைகள் அதன்பிறகு சூத்திரத்தைத் தொடுவதில்லை. காட்டாமல் விட்டால் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்துக்குப் போனதும் திண்டாடுகிறார்கள். எங்கள் கணினிக்கூடத்தில் நான்கைந்து கணினிகளே இயங்குகின்றன. என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், கோண்டாவில்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நானும் ஒரு வருடம் முதல் நாளிலேயே எக்செலைத் திறந்து கற்பித்திருக்கிறேன். கடைகளை வகைப்படுத்தி மொத்த வியாபாரத்துக்கு 1, சில்லறைக்கு 2, இரண்டும் செய்பவற்றுக்கு 3 என இலக்கமிட்ட ஒரு மாணவி, வெறும் அடையாளங்களான அந்த இலக்கங்களின் இடை (சராசரி) 1.8 என்று அறிக்கையில் எழுதிவந்தாள். கணினி அதைப் பிழை என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாது. எந்தத் தரவுக்கு எந்த அளவை பொருந்தும் என்பதை அவளுக்கு நான்தான் முதலில் கற்பித்திருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு அளவையையும் சிறிய தரவில் ஒருமுறை கையால் செய்விக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருநெல்வேலிச் சந்தையில் ஐந்து நாட்களில் ஒரு கிலோ வெங்காயம் 280, 300, 310, 290, 320 ரூபாவுக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். இடை 300 என்று கண்டு, விலகல்களை எழுதி, வர்க்கித்து, 1000 என்ற கூட்டுத்தொகைக்கு வந்துசேரும் பிள்ளை, தரவு இடையிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் நியம விலகல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தன் கையால் அறிந்துகொள்கிறது. எழுத்துப் பரீட்சைக்கும் இந்தப் பழக்கமே உதவும். அதற்குமேல் ஐம்பது எண்களைக் கூட்டிக் கழிக்கவைப்பதில் பயனில்லை.

கணினியின் உண்மையான இடம், கையால் செய்யமுடியாததைக் கண்முன் காட்டுவதில் இருக்கிறது. அதற்கு ஒரு கணினியும் ஒரு திரையும் போதும். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் கோடாத (எல்லா முகங்களும் சமவாய்ப்புடன் விழும்) தாயக்கட்டையை ஐந்துமுறை எறிந்து, கிடைத்த இடையைக் கரும்பலகையில் குறிக்கட்டும். பிறகு எக்செலில் 1 முதல் 6 வரையான எழுமாற்று எண்களை, வரிக்கு ஐந்தாக ஆயிரம் வரிகளில் நிரப்பி, ஒவ்வொரு வரியின் இடையையும் கணித்து வரைபடமாக்குங்கள். எஃப் 9 விசையை அழுத்த அழுத்த எண்கள் எல்லாம் மாறும், ஆனால் 3.5ஐச் சுற்றிக் குவியும் அந்த மணி வடிவம் மட்டும் மாறாது நிற்கும். வரிக்கு ஐந்துக்குப் பதில் முப்பது எண்கள் இட்டால், இடைகளின் நியம விலகல் ஏறத்தாழ 0.76 இலிருந்து 0.31 ஆகச் சுருங்குவதையும் பிள்ளைகள் காண்பார்கள். மாதிரி பெரிதாகப் பெரிதாக இடைகள் இப்படி மணி வடிவில் குவியும் என்னும் மத்திய எல்லைத் தேற்றத்தைச் சொல்லால் மட்டும் விளக்கி நான் களைத்ததுண்டு; இந்த வரைபடத்தைக் கண்டபின் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

இரு மாறிகளுக்கிடையிலான நேர்கோட்டுத் தொடர்பை அளக்கும் இணைபைக் கற்பிக்கும்போது, புள்ளிவிபரவியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடிகள். நான்கிலும் இணைபுக் குணகம் ஏறத்தாழ 0.816, புள்ளிகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் நேர்கோடாகிய பிற்செலவுக் கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் தனித்து நிற்கும் ஒரே புள்ளிதான் அந்த இணைபையே உண்டாக்குகிறது. குணகத்தை முதலில் கணிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பிறகு காட்டுங்கள்.

கேள்வி: ஒரே தரவுக்கு நான் கையால் கணித்த நியம விலகல் 14.14, எக்செல் 15.81 என்கிறது. எது சரி?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: மேலே சொன்ன வெங்காய விலைகளுக்கும் இவ்விரு விடைகளே வரும்; இரண்டும் சரிதான். 1000ஐ 5ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 14.14, 4ஆல் வகுத்தால் 15.81. அந்த ஐந்து நாட்களே முழுக் குடித்தொகை (ஆராயும் தரவு முழுவதும்) என்றால் முதலாவது பொருந்தும். அவை பெரிய குடித்தொகையொன்றின் மாதிரி என்றால், விலகல்களை மாதிரியின் சொந்த இடையிலிருந்தே அளப்பதால் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) சற்றுக் குறைத்து மதிப்பிடப்படுகிறது. அதை ஈடுசெய்யவே ஒன்று குறைத்து வகுக்கிறோம். எக்செலின் நியம விலகல் கட்டளைகளில் பி என முடிவது (STDEV.P) குடித்தொகைக்கும், எஸ் என முடிவது (STDEV.S) மாதிரிக்கும் உரியவை. கட்டளையைத் தெரிவுசெய்யுமுன், வினாவில் தரவு மாதிரி என்று சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.