மன்னித்த பிறகும் ஏன் வனாந்தரம்?

வாசகர் கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். என் தம்பி பல வருஷம் குடியில் கிடந்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் அம்மாவின் வேதப்புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டவன் அவன். போன வருஷம் மனந்திரும்பி, இப்போது ஒழுங்காக ஆலயத்துக்கு வருகிறான். ஆனால் கல்லீரல் கெட்டுவிட்டது. விற்ற வயல் போனது போனதுதான். மனைவி பிள்ளைகளோடு தாய் வீட்டிலேயே இருக்கிறாள். “தேவன் என்னை மன்னித்தது உண்மையென்றால் இதெல்லாம் ஏன் சரியாகவில்லை?” என்று கேட்கிறான். சபை மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் மனைவியை அழைத்துவர நினைக்கிறான். நான் என்ன சொல்ல?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

சகோதரி, முதலில் ஒரு காரியம். உங்கள் தம்பியின் நோய் தேவன் அனுப்பிய தண்டனை என்று யாராவது சொன்னால், அதைக் காதில் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். குடி உடம்பில் செய்கிற வேலை அது. ஜெபம் பண்ணுகிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தேவன் விடுவித்த இஸ்ரவேல் ஜனங்கள், அவர் கொடுப்பதாகச் சொன்ன கானான் தேசத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். அதை வேவு பார்க்கக் காதேசிலிருந்து போன பன்னிரண்டு பேர் 40 நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமக்கும்படியான திராட்சக்குலையோடு திரும்பினார்கள். பத்துப்பேர் பயத்தைக் கிளப்பினார்கள். ஜனங்கள் இரவெல்லாம் அழுதார்கள். வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடுவோம் என்றார்கள். விடுவித்தவரை விட்டு, அடிமைப்படுத்தினவனிடமே போகத் துணிந்தார்கள். இதைவிடப் பெரிய கலகம் என்ன இருக்கிறது? போகலாம் என்று சொன்ன மற்ற இருவரான யோசுவாவையும் காலேபையும் கல்லெறியப் பார்த்தார்கள். அவர்களை நடத்திவந்த மோசே மன்றாடினார், தேவனும் மன்னித்தேன் என்றார். அதே மூச்சில், இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் அந்த இருவரைத் தவிர ஒருவரும் தேசத்துக்குள் போவதில்லை என்றும் சொன்னார். 40 வருஷம் வனாந்தரம்.

உங்கள் தம்பி நிற்பது இந்த இடத்தில்தான். மன்னிப்பும் உண்மை, வனாந்தரமும் உண்மை.

அடுத்து வருவதை நானே வெகுகாலம் கவனிக்கவில்லை. பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு ஊழியத்துக்குப் போன காலத்தில் ஓர் ஆயுள் கைதிதான் எனக்குக் காட்டினார். “ஐயா, 14 முடிந்ததும் 15 எப்படித் தொடங்குகிறது, பாருங்கள்” என்றார். தோற்று நொறுங்கிக் கிடக்கிற ஜனத்தைப் பார்த்து, நான் உங்களுக்குக் கொடுக்கும் தேசத்தில் நீங்கள் போய்ச் சேரும்போது என்று ஆரம்பிக்கிறார் தேவன். அங்கே செலுத்த வேண்டிய பலிகளுக்கு மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு போகிறார். ஓர் ஆட்டுக்குட்டிக்குக் காற்படி திராட்சரசம். வனாந்தரத்தில் திராட்சத்தோட்டம் ஏது? எந்தக் குலையைக் கண்டும் இவர்கள் நம்பவில்லையோ, அந்த மண்ணின் ரசத்துக்கு இப்போதே அளவு சொல்கிறார். பெரியவர்கள் போக மாட்டார்கள், பிள்ளைகள் போவார்கள். அவருடைய வாக்கு மாறவில்லை. அந்தக் கைதி இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நான் இதை விளங்கிக்கொண்டேன். வெளியே அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

அந்த 40 வருஷத்திலும், தேவன் வானத்திலிருந்து கொடுத்த ஆகாரமாகிய மன்னா நிற்கவில்லை. கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளில்தான் நின்றது. பிற்காலத்தில் நெகேமியாவின் நாளில் லேவியர் செய்த ஜெபத்தில் (9ஆம் அதிகாரம்) இன்னொன்றையும் நினைத்துச் சொல்கிறார்கள்: அவர்கள் வஸ்திரங்கள் பழமையாய்ப் போகவில்லை, கால்கள் வீங்கவில்லை. தண்டனை பெற்று அலைந்தவர்களின் கால்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்! இந்த ஜெபத்தைச் செய்தவர்களும் அன்று அந்நிய ராஜாவின் கீழ் அடிமைகள். அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, நீர் உண்மையாய் நடப்பித்தீர் என்றும் சொன்னார்கள்.

சிலுவையில் மனந்திரும்பின கள்ளனையும் தம்பிக்கு நினைப்பூட்டுங்கள். அன்றே பரதீசு என்று வாக்குப் பெற்றவன்தான். ஆனாலும் அவனை யாரும் ஆணியிலிருந்து இறக்கவில்லை. சேவகர் வந்து காலெலும்பை முறித்தார்கள். ஆனால் பக்கத்துச் சிலுவையில் ஆண்டவர் இருந்தார், எந்தக் குற்றமும் செய்யாமல். நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும் அவர் உண்மையுள்ளவர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு சிலுவைகள்தான் ஞாபகம் வரும். நம்முடைய கலகத்தின் விளைவு நடுவிலேயே வந்து நம்மோடு இருக்கிறவர் அவர். வயல் திரும்ப வந்தால்தான் மன்னிப்பு உண்மை என்று தம்பி அளந்து பார்த்தால், இதைத் தவறவிட்டுவிடுவார்.

அப்புறம், மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு போகிற யோசனை. இது வேண்டாம், சகோதரி. அந்த 14ஆம் அதிகாரத்தின் கடைசியை வாசியுங்கள். தண்டனையைக் கேட்ட மறுநாள் அதிகாலையிலேயே ஜனங்கள், பாவஞ்செய்தோம், இதோ போகிறோம் என்று மலையேறினார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தைவிட்டு நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மா என்னும் இடம்மட்டும் முறிய அடித்தார்கள். அறிக்கை செய்துவிட்டோம், எல்லாம் உடனே கைக்கு வரவேண்டும் என்கிற அவசரமும் பழைய முரட்டாட்டத்தின் மிச்சம்தான். உங்கள் தம்பி மனைவி பல வருஷம் அடியும் அவமானமும் பட்டவளாக இருக்கலாம். நாலு பெரியவர்கள் வீட்டு வாசலில் நின்று, தேவன் மன்னித்தார், நீ மன்னிக்கக் கூடாதா என்று கேட்டால், அவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? தேவனுடைய பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை நெருக்குவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தம்பி வேலைக்குப் போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார் என்றால், சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதாமாதம் அனுப்பட்டும், பதில் எதுவும் எதிர்பார்க்காமல். அவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் அனுப்பட்டும். உங்கள் ஆயரிடமும் மூப்பர்களிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.