நிபந்தனை போட்டுத் தனித்த வாடிக்கையாளர்களை எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது, மொத்தமும் ஒத்துப்போகவில்லை. ஏன்?

உங்கள் ஆர்டர் டேபிளில் ஒரே வாடிக்கையாளர் பல வரிகளில் வருகிறார். ஸ்டேட்டஸ் 'முடிந்தது' என்று இருப்பவர்களை மட்டும், ஆளுக்கு ஒரு முறை எண்ண வேண்டும். சரி.

ஒன்று கூடுதலாக வந்தால் முதலில் 'எல்ஸ்' பகுதியை, அதாவது நிபந்தனை பொருந்தாவிட்டால் என்ன மதிப்பு என்று சொல்லும் பகுதியைப் பாருங்கள். 101 முடிந்தது, 101 முடிந்தது, 102 ரத்து, 103 முடிந்தது என நான்கு வரிகள் இருந்தால் சரியான விடை 2. 'முடிந்தது என்றால் வாடிக்கையாளர் எண், இல்லையென்றால் 0' என்று எழுதினால் எண்ணப்படுவது 101, 101, 0, 103. அந்த 0-வும் ஒரு தனி மதிப்புதான், ஆகவே விடை 3. ரத்தான வரிகள் ஆயிரம் இருந்தாலும் கூடுவது ஒன்றே ஒன்று என்பதால் பெரிய ரிப்போர்ட்டில் இந்தப் பிழை கண்ணில் படாது. தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) கேஸ் வென் (CASE WHEN) ஆனாலும், ரிப்போர்ட் மென்பொருளான டேபிளோவில் (Tableau) தனித்த மதிப்புகளை எண்ணும் கவுண்ட்டிக்குள் (COUNTD) போடும் இஃப் ஆனாலும், எல்ஸ் எழுதாமல் எண்ட் போட்டு முடியுங்கள். பொருந்தாத வரி நல், அதாவது வெற்று மதிப்பு, ஆகிவிடும். நல் மதிப்பை எஸ்க்யூஎல், டேபிளோ இரண்டுமே எண்ணாது.

இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐ (Power BI) இதில் வேறு மாதிரி. அங்கே தனித்த மதிப்புகளை எண்ணும் டிஸ்டிங்க்ட்கவுண்ட், பிளாங்க்கையும், அதாவது வெற்று மதிப்பையும், ஒரு மதிப்பாகச் சேர்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் எண் இல்லாத வரிகள் டேபிளில் இருந்தால் டிஸ்டிங்க்ட்கவுண்ட்நோபிளாங்க் போடுங்கள். நிபந்தனைக்கு இஃப் வேண்டாம். நிபந்தனையோடு கணக்கிடும் கால்குலேட் (CALCULATE) ஃபங்ஷனின் முதல் இடத்தில் எண்ணிக்கை, அடுத்த இடத்தில் ஸ்டேட்டஸ் நிபந்தனை, அவ்வளவுதான். ஆனால் அந்த நிபந்தனை, ஸ்டேட்டஸ் நெடுவரிசையின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரிப்போர்ட் பக்கத்திலுள்ள ஸ்லைசர் என்ற தேர்வுப் பெட்டியில் 'ரத்து' என்று தேர்ந்தெடுத்தாலும் முடிந்தவர்களின் எண்ணிக்கையே தெரியும். விஷுவலில் ஸ்டேட்டஸை வரிகளாக வைத்தால் எல்லா வரியிலும் ஒரே எண் வரும். அப்படி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிபந்தனையைக் கீப்ஃபில்டர்ஸ் (KEEPFILTERS) ஃபங்ஷனுக்குள் வைத்தால் இரண்டு ஃபில்டர்களும் சேர்ந்து வேலை செய்யும்.

ரிப்போர்ட்டின் வரிகளைக் கூட்டினால் மொத்தம் ஒத்துப்போகாதது பிழையே இல்லை. மண்டல வாரியான ரிப்போர்ட்டில், ஒருவர் இரண்டு மண்டலங்களில் வாங்கியிருந்தால் இரண்டு வரியிலும் எண்ணப்படுவார், மொத்தத்தில் ஒரு முறைதான். மேலாளர் கேட்டார் என்பதற்காக மொத்தத்தைக் கூட்டலாக மாற்றாதீர்கள். மாற்றினால் இல்லாத வாடிக்கையாளர்களைக் கணக்கில் காட்டுகிறீர்கள்.

இன்னொன்று, 'பொருள் அ, பொருள் ஆ இரண்டையும் வாங்கியவர்கள் எத்தனை பேர்' என்ற வகைக் கேள்வி. பொருள் அ மற்றும் பொருள் ஆ என்று ஒரே வரியில் நிபந்தனை போட்டால் விடை பூஜ்யம், ஏனென்றால் ஒரு வரியில் ஒரு பொருள்தான் இருக்கும். 'அல்லது' போட்டால் ஏதாவது ஒன்றை வாங்கியவர்களும் சேர்ந்துவிடுவார்கள். பவர் பிஐயில் இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களை எடுத்து, இன்டர்செக்ட் செய்து, அதாவது இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் எடுத்து, கவுண்ட்ரோஸால் எண்ணுங்கள். எஸ்க்யூஎல்லில் வாடிக்கையாளர் வாரியாகக் குரூப் பை (GROUP BY) செய்து, குழுக்களுக்கு நிபந்தனை போடும் ஹேவிங்கில் (HAVING) இரண்டையும் சோதிக்கலாம். டேபிளோவில், வாடிக்கையாளர் வாரியாகக் கணக்கிட, ஃபிக்ஸ்ட் (FIXED) எழுத வேண்டியிருக்கும். அது சாதாரண டைமென்ஷன் ஃபில்டரைக் கண்டுகொள்ளாது, அதனால் தேதி ஃபில்டர் போட்டிருந்தால் அதைக் கான்டெக்ஸ்ட்டில் (ஃபிக்ஸ்டுக்கு முன்பே வேலை செய்யும் ஃபில்டராக) சேர்த்துவிடுங்கள்.