மணி கோக்கும் கைகளுக்கு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுந்துபோன மாலைகளைப் பற்றியவை. ஆகவே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கண்ணாடி மணிகளைத் தேடித் தேடி வாங்கி, நானே ஒரு மாலை கோத்தேன். தையல் நூலை இரட்டையாக மடித்துக் கோத்தும், இரண்டே மாதத்தில் இருமுறை அறுந்து மணிகள் சிதறிவிட்டன. இன்னும் தடித்த நூலாகப் பார்த்து வாங்க வேண்டுமா?

பதில்: இது தடிமனால் தீரும் சிக்கல் அன்று. மணியின் துளை விளிம்பை விரலால் தடவினால் வழவழப்பாகவே இருக்கும். மெல்லிய பட்டுத் துணியின்மேல் இழுத்துப் பாருங்கள், சில மணிகள் இழையைப் பற்றிக்கொள்வது தெரியும். சிறு கண்ணாடி மணிகளில் பல, நீளமான குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யப்படுபவை. வெட்டியபின் சூடேற்றி விளிம்பை மழுக்குவார்கள். அப்படி மழுங்காமல் தப்பிவந்த ஒரு மணி போதும், நீங்கள் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் அது நூலை அரம்போல அராவிக்கொண்டே இருக்கும்.

மாலை எந்த இடத்தில் அறுந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நடுவில் அறுந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் மணியின் விளிம்புடையது. கொக்கியை ஒட்டி அறுந்திருந்தால், உலோக வளையத்தில் உராய்ந்து உராய்ந்து நூல் தேய்ந்திருக்கிறது. கொக்கியருகே அறுவதைத் தடுக்க, நூல் வளையத்தைச் சுற்றும் அந்தச் சிறு பகுதியை மட்டும் மெல்லிய சுருள்கம்பி உறைக்குள் நுழைத்துவிட்டால் போதும். நடுவில் அறுவதற்கு, கோக்கும் பொருளையே மாற்ற வேண்டும். கனமான கண்ணாடி மணிக்கும் கல்மணிக்கும், எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய வளைகம்பி ஏற்றது. 7, 19, 49 இழைகளில் கிடைக்கும். இழை கூடக் கூட அது நூலைப்போலத் துவளும். அதற்கு முடிச்சுப் போடக் கூடாது. கிரிம்ப் எனப்படும் சிறு உலோகக் குழலுக்குள் கம்பியை விட்டு, வளையத்தைச் சுற்றித் திருப்பி, மீண்டும் அதே குழலுக்குள் நுழைத்துக் குறடால் நசுக்க வேண்டும். முத்துக்கு மட்டும் பட்டு நூலே பொருத்தம். ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சுப் போட்டால் முத்தும் முத்தும் உரசாது, ஒருவேளை அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும். தூண்டில் நரம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் எழுதுகிறார்கள். வெயில் படப்பட அது உடையும் தன்மை பெற்றுவிடும், முடிச்சும் வழுக்கும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

என் தொடக்ககாலப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மணிகளுக்கிடையே நூல் கண்ணில் படவே கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டிய என் முதல் மாலை, ஒரு விருந்தின் நடுவே அறுந்து, நாற்காலிகளுக்கு அடியிலெல்லாம் உருண்டோடியது. கோத்த மாலையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் அது கயிறுபோலத் தொங்க வேண்டும்; குச்சிபோல நீட்டிக்கொண்டு நின்றால் இறுக்கம் அதிகம் என்று பொருள். மொத்த நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.

நூலும் மணியும் ஒன்றையொன்று தேய்ப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில், ஏறத்தாழ 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய, துளையிட்ட சிறு சங்குகள் கிடைத்தன. கோத்த இழை மக்கி மறைந்துவிட்டது. ஓடுகளில் எஞ்சியிருந்த தேய்மானத் தடங்களைக் கொண்டுதான் அவை அணியாகக் கோக்கப்பட்டவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

கேள்வி: பாசிமணிப் பொட்டலங்களில் 11/0, 8/0, 6/0 என்று போட்டிருக்கிறதே, 11 தானே பெரியது?

பதில்: நேர்மாறானது. எண் ஏற ஏற மணி சிறுக்கும். 6/0 ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், 8/0 ஏறத்தாழ 3, 11/0 ஏறத்தாழ 2. முதன்முதலில் தொடங்குபவர் 8/0 வாங்குவதே கண்ணுக்கு நல்லது.

கேள்வி: என் மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தாராளமாக விட்டு, 10 மில்லிமீட்டர் மணிகள் பதினேழைக் கோத்துக் கைவளை செய்தேன். கையைச் சுற்றி வரவே இல்லை. இதே அளவில் சிறுமணி கோத்தபோது ஓரளவு சரியாக இருந்தது. எங்கே தவறினேன்?

பதில்: அளந்ததில் தவறில்லை, மணியின் பருமனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நூல் மணியின் நடுத்துளை வழியாக ஓடுகிறது, உங்கள் கையைத் தொடுவதோ மணியின் உள்விளிம்பு. ஆகவே வளையாக வளைந்தபின் உள்ளே கிடைக்கும் சுற்றளவு, நூலின் நீளத்தைவிட மணி விட்டத்தின் மூன்று மடங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடும். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவுக்குப் படித்த அதே பை (π) தான். 4 மில்லிமீட்டர் மணியில் இந்த இழப்பு 1.3 சென்டிமீட்டர்கூட இல்லாததால் நீங்கள் அதை உணரவில்லை. 10 மில்லிமீட்டர் மணியில் 3.1 சென்டிமீட்டர் போய்விடுகிறது. பதினேழு மணி கோத்தும் உங்கள் கைக்குக் கிடைத்தது 14 சென்டிமீட்டருக்கும் குறைவுதான்.

உங்கள் கைக்கு இருபது மணி வேண்டும். எந்தக் கணக்கைப் போட்டாலும், கொக்கியை மாட்டி நசுக்குவதற்கு முன், முனைகளை ஒட்டுநாடாவால் இணைத்துக் கையில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். எலாஸ்டிக் கயிற்றில் கோப்பவர்கள், கோப்பதற்கு முன்பே கயிற்றை நன்றாக நான்கைந்து முறை இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அணிந்த சில நாளிலேயே தளர்ந்து மணிகளுக்கிடையே இடைவெளி தெரியும்.

கேள்வி: தோழிக்கு மணித்தோடு செய்து கொடுத்தேன். இரண்டாம் நாளே காது சிவந்து அரிக்கிறது என்கிறாள். மணியில் சாயம் இருக்குமோ?

பதில்: மணி காதுமடலைத் தொடுவதில்லை, துளைக்குள் போகும் கம்பியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மலிவான கம்பிகளில் நிக்கல் இருக்கும், மேலே பூசிய முலாம் தேய்ந்ததும் அது தோலைத் தொடும். நிக்கல் ஒவ்வாமை மிகப் பரவலானது. தோட்டைக் கழற்றச் சொல்லுங்கள்; புண் ஆகியிருந்தால் மருத்துவரிடம் காட்டட்டும். ஆறியபின் டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கியில் அதே மணிகளை மாட்டித் தரலாம். மாற்றும்போது, கொக்கியையும் மணியையும் இணைக்கும் சிறு வளையத்தை இரு பக்கமும் இழுத்துப் பிளக்காமல், ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறந்தால்தான் மூடும்போது வாய் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே கோக்கிறேன். இது கற்பனைத் தொழில் என்கிறார்கள், எனக்கோ படி எடுப்பதுபோல் இருக்கிறது. சொந்தமாக நிறம் சேர்த்தால் கோத்து முடித்ததும் மங்கிப்போகிறது.

பதில்: படி எடுப்பதில் குறையொன்றும் இல்லை, கை பழகுவது அப்படித்தான். அடுத்த முறை அதே மாதிரியில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நூலின் நிறத்தையே மாற்றலாம். ஒளி ஊடுருவும் மணி தன் நிறத்தை மட்டும் காட்டுவதில்லை, உள்ளே ஓடும் நூலின் நிறத்தையும் வாங்கிக் காட்டும். ஒரே இளநீல மணியைப் பத்துப் பத்தாக வெள்ளை நூலிலும் கறுப்பு நூலிலும் கோத்து அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒன்று காலை வானம்போலவும் மற்றது மழைமேகம்போலவும் இருக்கும். உங்கள் நிறங்கள் மங்குவதற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். மறுபாதி, குவியலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. பெட்டியில் ஆயிரம் மணிகள் சேர்ந்து காட்டும் அடர்த்தி ஒற்றை வரிசையில் வராது. தேர்வு செய்யும்போதே பத்து மணியைக் கம்பியில் கோத்து, பகல் வெளிச்சத்தில், தோலின்மேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: முத்து மாலையைக் கழற்றாமலே குளிக்கலாமா?

பதில்: கூடாது. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்தன்மையுள்ள எதுவும், வியர்வை உட்பட, அதன் பளபளப்பைக் குறைக்கும். பட்டு நூல் நனைந்தால் நீளும், அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். அணிந்து கழற்றியதும் மென்துணியால் துடைத்து, ஆணியில் தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள். தொங்கினால் முத்துகளின் கனத்திலேயே நூல் நீண்டு, முடிச்சுகளுக்கும் முத்துக்கும் இடையே வெள்ளையாக நூல் தெரியத் தொடங்கும். அது தெரிந்த அன்றே பிரித்துக் கோத்துவிடுங்கள்.