பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு எந்தக் கேஸ்கட்?

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டு மாடல் பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ் (இ46) செடான் இருக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிந்ததால் புதியவை வாங்கிவிட்டேன். பழையவற்றைக் கழற்றியபோது, மேல் மவுன்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த கேஸ்கட்டுகள் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டன. ஒரிஜினல் வந்து சேர மூன்று வாரம் ஆகுமாம். டியூப் ரப்பரை வெட்டிப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். கார்க் ஷீட்தான் நல்லது என்கிறார் நண்பர். சிலிக்கான் தடவினாலே போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?
— வாசகர் ஒருவர், கோவை

பதில்: மூன்றுமே வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லிவிட்டால், உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதிலிருந்து சரியானதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

கேஸ்கட் என்றதுமே எஞ்சின் ஹெட் கேஸ்கட்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டியது. நீங்கள் கேட்பதற்கு அந்த இரண்டு வேலையும் கிடையாது. உங்கள் காரில் மேல் மவுன்ட் வீல் ஆர்ச்சுக்குள், பாடித் தகட்டின் அடியில் ஒட்டி நிற்கிறது. அதன் இரண்டு ஸ்டட்களும் (மவுன்ட்டோடு சேர்ந்த மரையிட்ட கம்பிகள்) தகட்டைக் கடந்து டிக்கிக்குள் வர, லைனிங்குக்குப் பின்னால் நட்டுகளால் முடுக்கப்படுகின்றன. சக்கரம் வாரியடிக்கும் மழைநீரும் சேறும் அந்தத் துளைகள் வழியாக ஏறிவிடாமல் தடுப்பதும், உலோகமும் உலோகமும் உரசிப் பெயின்ட் போய்த் துருப்பிடிக்காமல் காப்பதும்தான் இந்தக் கேஸ்கட்டின் வேலை. இந்த மாடலில் பேட்டரியும் டிக்கியின் வலப்பக்கத்திலேயே இருப்பதால், அங்கே ஈரம் சேர்வதை அலட்சியமாக விட முடியாது.

ஆனால் தண்ணீரை விட நான் அதிகம் கவலைப்படுவது நட்டைப் பற்றித்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பரின் உதை முழுவதும் அந்த மவுன்ட்டில்தான் விழுகிறது. நட்டின் பிடிப்புக்கு நடுவே மெத்தென்ற பொருள் எதை வைத்தாலும், அது நாளடைவில் அமுங்கி, நட்டின் இறுக்கம் குறைந்து, டிக்கியிலிருந்து ‘டொக், டொக்’ என்ற சத்தம் கிளம்பும். டியூப் ரப்பரில் இதே கதைதான்: இறுக்க இறுக்க அது பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டே போகுமே தவிர, ஒரு நிலையில் நிற்காது. அதைச் சரிக்கட்ட மெக்கானிக் இன்னும் இரண்டு சுற்று முடுக்கினால், ஸ்டட் முறியலாம், தகடும் வளையலாம். கார்க்கும் அமுங்கக்கூடியதே, அதோடு வெயிலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும்.

சிலிக்கானில் ஒரு சூட்சுமம் உண்டு. பிதுக்கியதும் வினிகர் போலப் புளித்த வாடை வந்தால், அது உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. கீறல் விழுந்த தகட்டில் துருவை அதுவே தொடங்கி வைத்துவிடும். வாடையில்லாத ‘நியூட்ரல் க்யூர்’ வகையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பித் தடிமனாகப் பூச வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது, ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத, நைட்ரைல் ரப்பரால் பிணைக்கப்பட்ட ஃபைபர் கேஸ்கட் ஷீட். தடிமன் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை போதும். அது அதிகம் அமுங்காது. தண்ணீரையும், ஷாக் அப்சார்பர் என்றாவது கசிந்தால் அந்த எண்ணெயையும் தாங்கும். ‘நன்றாக உழைக்கும்’ என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள்: வெப்பமே இல்லாத இடத்துக்கு அந்த விஷத் தூசு எதற்கு? பார்சலில் வரும் ஸ்பாஞ்சும் ஆகாது. அது தண்ணீரை உறிஞ்சி, ஈரத் துணி சுற்றியது போலத் தகட்டோடு வைத்துக்கொண்டிருக்கும்.

வெட்டுவதற்கு, புதிய மவுன்ட்டை ஸ்டட்கள் மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் ஷீட்டைப் போட்டு, ஸ்டட் முனைகள் பதியும்படி விரலால் அழுத்துங்கள். அந்த இரண்டு புள்ளிகளிலும் ஹாலோ பஞ்ச்சால் (வட்டத் துளை போடும் உளி) துளையிட்டு, ஸ்டட்களில் மாட்டிக்கொண்டு, பிறகு வெளி விளிம்பைப் பென்சிலால் வரைந்து கத்தரிக்கோலால் நறுக்குவதே சுலபம். முதலில் விளிம்பை வெட்டிவிட்டுத் துளைக்கு இடம் தேடினால், பெரும்பாலும் ஒரு ஷீட் வீணாகும், நானும் வீணாக்கியிருக்கிறேன்.

தகட்டில் ஒட்டியிருக்கும் பழைய துணுக்குகளைப் பிளாஸ்டிக் தகடால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். துரு தெரிந்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஸ்டட் துளைகளைச் சுற்றி மட்டும் நியூட்ரல் சிலிக்கானை நூல் கனத்துக்கு இடலாம். செல்ஃப் லாக்கிங் நட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) சுமார் 24 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்குங்கள். காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னை அங்கே தொட விடாதீர்கள். கீழ் போல்ட்டைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் கீழ் முனையிலுள்ள ரப்பர் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும்.

லைனிங்கை உடனே மூடிவிடாமல், மவுன்ட்டைச் சுற்றிச் செய்தித்தாளை விரித்து, வீல் ஆர்ச்சுக்குள் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். தாள் நனையவில்லையென்றால் மூடிவிடலாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளின் இறுக்கத்தை ஒரு முறை சரிபாருங்கள். மூன்று வாரத்தில் வரும் ஒரிஜினல் கேஸ்கட்டுகளை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்காக இப்போது மறுபடியும் பிரிக்க வேண்டாம்.