கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பங்கை வாங்கும் முன் அதற்குச் சிப் கொடுப்பவரையும் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் சிப்பின் வேகத்தை அல்ல. சிப் கொடுப்பவருக்கு இந்த வாடிக்கையாளர் எவ்வளவு முக்கியம் என்பதை. இது எனக்கு 40 ஆப்பிள் பங்குகளை விற்ற பிறகுதான் புரிந்தது.

2005 ஜூன் 6. அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்தேன். மேக் கணினிகளில் இனி ஐபிஎம் சிப் கிடையாது, இன்டெல்தான் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். பங்கு விலை 38 டாலர் பக்கம். ஆபீசில் மதியச் சாப்பாட்டு மேசையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. புது மேக் அடுத்த வருடம் வரும் என்று அவரே சொல்லிவிட்டார், இந்த வருடம் பழையதை எவன் வாங்குவான் என்றது ஒரு கட்சி. இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. நான் முதல் கட்சி. விற்றேன். (பங்குப் பிரிப்பில் 2014-ல் ஒரு பங்கு ஏழானது, 2020-ல் ஒன்று நான்கானது. என் 40 இன்றைக்கு 1,120 ஆகியிருக்கும்.)

எங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிப் விஷயத்தில் ஆப்பிள் முன்பே அடிபட்டிருந்தது. 1999-ல், அப்போது மேக்குக்குச் சிப் கொடுத்த மோட்டரோலாவால் ஜி4 சிப்பைப் போதிய அளவு தர முடியாமல், லாபம் குறையும் என்று ஆப்பிளே முன்கூட்டி எச்சரித்தது. 500 மெகாஹெர்ட்ஸ் (சிப்பின் வேக அளவு) என்று விளம்பரம் செய்த மாடலை 450-க்கு இறக்கி, விலையை மட்டும் அப்படியே வைத்தது. 2000 மார்ச்சில், மற்ற கணினிகளுக்குச் சிப் செய்த ஏஎம்டியும் இன்டெலும் 1,000-ஐத் தொட்டபோது மேக் அதே 500-ல் நின்றது. அப்புறம் ஐபிஎம் வந்தது. 2003-ல் 2 கிகாஹெர்ட்ஸ் (2,000 மெகாஹெர்ட்ஸ்) ஜி5 சிப். ஒரே வருடத்தில் 3 வரும் என்றார் ஜாப்ஸ். வரவில்லை. சூடு அதிகம் என்பதால் லேப்டாப்பில் ஜி5 கடைசிவரை ஏறவே இல்லை.

ஐபிஎம்முக்குத் திறமை இல்லையா? எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ வீ என்ற மூன்று வீடியோ கேம் கருவிகளுக்கும் சிப் வேலை அப்போது அவர்கள் கையில்தான் இருந்தது. ஆப்பிள் 2005 நிதியாண்டில் விற்ற மேக் சுமார் 45 லட்சம். கல்யாண ஆர்டர் மூன்று கையில் இருக்கும்போது, கால் கிலோ ஜாங்கிரி கேட்டு நிற்பவரை எந்தக் கடைக்காரர் கவனிப்பார்?

நாங்கள் சண்டை போட்டதோ மேக்கைப் பற்றி மட்டும். அதே நிதியாண்டில் ஆப்பிள் விற்ற ஐபாட் (பாட்டுக் கேட்கும் கருவி) சுமார் 2.25 கோடி! அது எங்கள் மேசையில் பேச்சாகவே இல்லை.

இதன் மறுபக்கம் போர்டல்பிளேயர். ஐபாடுக்குச் சிப் கொடுத்த சிறிய நிறுவனம். வருமானத்தில் பெரும்பகுதி ஆப்பிள் ஒருவரை நம்பித்தான். 2006 ஏப்ரலில், அடுத்து வரும் ஐபாட் நானோவுக்கு அவர்கள் சிப் தேர்வாகவில்லை என்று தெரிந்ததும் பங்கு ஒரேயடியாகச் சரிந்தது. சில மாதங்களில் என்விடியா அதை வாங்கிக்கொண்டது. ஐபிஎம்மும் ஆப்பிளை இழந்ததுதான். அதற்கு அது ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் இப்போது சிப் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத்தான் முதலில் திறப்பேன். அமெரிக்கப் பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால், வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பின்பக்கக் குறிப்புகளில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.